மோட்டார்ஹோம் நேராக ஓட வேண்டுமென்றால்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் செய்ய வேண்டியவை

பயன்படுத்திய மோட்டார்ஹோம் (தங்கும் வசதியுடன் வீடு போல அமைந்த வண்டி) ஒன்றை வாங்கி, அது நெடுஞ்சாலையில் நேராக ஓடுவதற்காக மட்டும் ஐந்து மாதங்கள் அலைந்தேன். வண்டியின் நீளம் 9.6 மீட்டர். சமையலறையும் படுக்கையும் புதிது போலிருந்தன, எஞ்சின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. முதல் நீண்ட பயணத்தில்தான் உண்மை தெரிந்தது. பின்னால் வரும் லாரி எங்களைக் கடக்கத் தொடங்கியதும் வண்டி சாலையோரத்துக்குத் தள்ளப்பட்டது. லாரி முன்னேறியதும் அதன் பக்கமாகவே இழுக்கப்பட்டது. லாரி எதுவும் இல்லாத வெற்றுச் சாலையிலும் ஸ்டீயரிங்கை ஒரு நொடி அசைக்காமல் பிடித்தால் வண்டி கோட்டைவிட்டு விலகியது. மூன்று மணி நேரத்தில் என் தோள்கள் இறுகிப்போயின. பக்கத்தில் இருந்த என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இறங்கும்வரை கைப்பிடியை விடவும் இல்லை.

விற்றவரிடம் கேட்டேன். "பெரிய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிவிடும்" என்றார். அது உண்மையல்ல. நல்ல நிலையில் உள்ள மோட்டார்ஹோம், எவ்வளவு பெரியதாக இருந்தாலும், காற்றில்லாத நாளில் சமமான சாலையில் இரண்டு விரல்களின் பிடியில் நேராகச் செல்லும். அப்படிச் செல்லவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும். பெரும்பாலும் அந்தக் காரணத்தை விலை பேசும் முன்பே கண்டுபிடித்துவிடவும் முடியும். முதல் முறை வாங்குபவர்களுக்காக, நான் செய்திருக்க வேண்டிய வரிசையிலேயே படிகளைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. பொறுப்பு எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

மோட்டார்ஹோம்களில் மிகப் பெரும்பாலானவை இரண்டு நிறுவனங்களின் கைகளில் உருவாகின்றன. எஞ்சின், அச்சுகள், ஸ்டீயரிங், பிரேக் ஆகியவை அடங்கிய சேசிஸை ஒரு நிறுவனம் செய்கிறது. அதை வாங்கி, அதன்மேல் வீட்டுப் பகுதியைக் கட்டி விற்பது இன்னொரு நிறுவனம். டயர்களுக்குத் தனி உத்தரவாதம், குளிர்பதனப் பெட்டிக்கும் அடுப்புக்கும் தனித்தனி உத்தரவாதம். குளிர்பதனப் பெட்டி பழுதானால் யாரிடம் போவது என்பதில் குழப்பமில்லை. வண்டி அலைபாய்ந்தால்தான் சிக்கல். ஏனெனில் அது ஒரு பாகத்தின் கோளாறாக இல்லாமல், எடை, டயர், ஸ்டீயரிங், வண்டியின் உடலமைப்பு ஆகிய நான்கும் சேர்ந்து உண்டாக்கும் கோளாறாக இருக்கலாம்.

சேசிஸ் நிறுவனத்தின் பணிமனையில், "எங்கள் பாகங்கள் சரியாக உள்ளன, மேலே ஏற்றிய எடையைப் பாருங்கள்" என்பார்கள். வீட்டுப் பகுதியைக் கட்டியவர்கள், "ஸ்டீயரிங் எங்களுடையது அல்ல" என்பார்கள். டயர்க் கடையில் அலைன்மென்ட்டை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களின் சீரமைப்பை, குறை சொல்வார்கள். அலைன்மென்ட் பட்டறையில் தேய்ந்த பாகங்களைக் காட்டுவார்கள். இந்தச் சுற்றில் நான் முழுதாக இரண்டு முறை வந்தேன். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தம் பங்கை மட்டும் பார்த்தார்கள். முழு வண்டியையும் பார்க்க வேண்டிய இடத்தில் இருந்தவன் வாங்கிய நான் மட்டுமே.

வாங்குபவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. வண்டிக்குள் எதை ஏற்றுவது, எங்கே வைப்பது, டயரில் எவ்வளவு காற்று அடிப்பது என்பவை நம் கையில் உள்ளவை. விற்பனைக்குப் பின் அளவுக்கு மீறி எடை ஏற்றிக்கொண்டு, கோளாறுக்கு விற்றவரைக் குறை சொன்னால் அந்தப் புகார் நிற்காது. ஆகவே விற்றவர் பொறுப்பு எது, நம் பொறுப்பு எது என்று பிரித்துக் காட்டக்கூடிய ஆவணங்கள் முதல் நாளிலிருந்தே நம்மிடம் இருக்க வேண்டும்.

2. நேரில் பார்க்கும் முன்பே கேட்டு வாங்க வேண்டிய ஆவணங்கள்

தொலைபேசியில் பேசும்போதே இவற்றின் படங்களை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுப்பவரின் வண்டியைப் பார்ப்பதற்காக நீண்ட தூரம் பயணம் செய்யாதீர்கள்.

முதலாவது, எடைத் தகடு. ஓட்டுநர் கதவின் ஓரத்திலோ, எஞ்சின் மூடிக்கு உள்ளேயோ, ஓட்டுநர் இருக்கையின் அருகிலோ ஒட்டியிருக்கும். வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, முன் அச்சின் அனுமதி, பின் அச்சின் அனுமதி ஆகிய மூன்று எண்களும் அதில் இருக்கும். இரண்டு அச்சுகளின் அனுமதிகளைக் கூட்டினால் வருவது மொத்த அனுமதியைவிடப் பொதுவாக அதிகமாக இருக்கும். அதை வைத்து அவ்வளவு எடையும் ஏற்றலாம் என்று கருதிவிடாதீர்கள். மூன்று எண்களில் ஒன்றைக்கூட மீறக் கூடாது.

இரண்டாவது, 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட வண்டி அடையாள எண். அதைக் கொண்டு, குறைபாடு காரணமாக நிறுவனமே திரும்ப அழைத்த பாகங்கள் மாற்றப்பட்டனவா என்று சேசிஸ் நிறுவனத்திடம் கேட்கலாம். வீட்டுப் பகுதியைக் கட்டிய நிறுவனத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றைக் கேட்டுவிட்டு மற்றதை விட்டுவிடுவது பலரும் செய்யும் தவறு.

மூன்றாவது, பராமரிப்பு ரசீதுகள். இவற்றில் எஞ்சின் ஆயில் மாற்றியதைவிட, ஸ்டீயரிங் தொடர்பான செலவுகளைத் தேடுங்கள். இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை அலைன்மென்ட் செய்திருந்தால், அல்லது ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங்கின் அதிர்வைத் தணிக்கும் கருவி), கூடுதல் ஸ்டெபிலைசர் பார் (வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) போன்றவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தியிருந்தால், முந்தைய உரிமையாளரும் இதே நோயுடன் போராடியிருக்கிறார் என்று பொருள். என் வண்டியின் கோப்பில் அப்படி நான்கு ரசீதுகள் இருந்தன. நன்றாகப் பராமரித்திருக்கிறார் என்று நினைத்து மகிழ்ந்தேன்.

வண்டியின் எடை உங்கள் ஓட்டுநர் உரிமத்துக்கு உட்பட்டதா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். எடுத்துக்காட்டாக, ஐரோப்பிய நாடுகளில் சாதாரண கார் உரிமத்துக்கு 3,500 கிலோ என்பது நெடுங்காலமாக இருந்துவரும் எல்லை. அந்த எல்லைக்குள் விற்கப்படும் பெரிய வண்டிகளில், ஆட்களும் தண்ணீரும் ஏறிய பிறகு பொருட்களுக்கு மிச்சமிருக்கும் எடை மிகக் குறைவாக இருக்கக்கூடும்.

3. அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள்

முன் சக்கரத்தின் மையத்திலிருந்து பின் சக்கரத்தின் மையம் வரை அளந்தால் வருவது வீல்பேஸ். அதை வண்டியின் முழு நீளத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். விடை 55 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. 54 சதவீதத்துக்குக் கீழே இறங்க இறங்க, பக்கக் காற்றும் கடந்து செல்லும் லாரிகளும் வண்டியை எளிதில் அசைக்கும். மோட்டார்ஹோம் வாங்குவோரிடையே நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு இது. இதைச் சட்டவிதியாகக் கொள்ள வேண்டாம். எஞ்சின் பின்னால் உள்ள வண்டிகளும், பின்னால் கூடுதல் அச்சுள்ள வண்டிகளும் இந்தக் கணக்குக்கு அப்படியே அடங்குவதில்லை. ஆனாலும் ஐந்து நிமிடத்தில், செலவே இல்லாமல் கிடைக்கும் எச்சரிக்கை இது.

என் வண்டியின் வீல்பேஸ் 4.83 மீட்டர்; விடை 50 சதவீதம். பின் அச்சுக்குப் பின்னால் ஏறத்தாழ 3.8 மீட்டர் உடல் நீண்டிருந்தது. எடை, டயர், பாகங்கள் எல்லாவற்றையும் திருத்தலாம். வீல்பேஸை யாராலும் திருத்த முடியாது. அதனால்தான் இந்த அளவை முதலில் எடுக்கச் சொல்கிறேன்.

4. எடை மேடைக்குக் கொண்டு செல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால், இதைப் பின்பற்றுங்கள். லாரிகளை எடை போடும் மேடை எதுவாக இருந்தாலும் போதும். அதற்கான கட்டணம், வண்டிக்கு ஒரு முறை எரிபொருள் நிரப்பும் செலவில் மிகச் சிறு பகுதிதான். நேரமும் அரை மணிக்கு மேல் ஆகாது.

மூன்று முறை எடை எடுக்க வேண்டும். முதலில் முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க வேண்டும். அடுத்து முழு வண்டி. கடைசியாகப் பின் சக்கரங்கள் மட்டும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டு வாங்குங்கள். சீட்டின் பின்புறத்தில் அந்த நேரத்தில் எரிபொருள் எவ்வளவு இருந்தது, தண்ணீர்த் தொட்டி எவ்வளவு நிரம்பியிருந்தது, உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை எழுதுங்கள். இந்தக் குறிப்பு இல்லாத சீட்டுக்குப் பின்னாளில் மதிப்பில்லை. இடப்பக்கம், வலப்பக்கம் என நான்கு மூலைகளையும் தனித்தனியாக எடை போடும் வசதி கிடைத்தால் இன்னும் நல்லது; சமையலறையும் தொட்டிகளும் ஒரே பக்கத்தில் அமைந்த வண்டிகளில் இரு பக்கங்களின் எடை வியக்கும் அளவுக்கு வேறுபடும்.

விற்பவர் காட்டும் வண்டி பெரும்பாலும் காலியாக இருக்கும். எனவே காலி எடையுடன் நீங்கள் ஏற்றப்போவதைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 200 லிட்டர்த் தொட்டி நிரம்பினால், வண்டியில் 200 கிலோ கூடுகிறது. அத்துடன் ஆட்கள், பாத்திரங்கள், துணிமணி, மிதிவண்டிகள், எரிவாயு உருளைகள், கருவிப் பெட்டி. எழுதிப் பார்க்காமல் மனக்கணக்காகப் போட்டால் எல்லோரும் குறைத்தே மதிப்பிடுகிறோம்.

எடையின் அளவுக்குச் சமமாக, அது இருக்கும் இடமும் முக்கியம். பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் ஒவ்வொரு பொருளும் நெம்புகோலாகச் செயல்பட்டு, வண்டியின் மூக்கைத் தூக்குகிறது. என் வண்டியில் பின்கோடியிலிருந்த பெட்டியிலும் மிதிவண்டித் தாங்கியிலுமாக 210 கிலோ இருந்தது. அதன் மையம் பின் அச்சிலிருந்து 3.45 மீட்டர் பின்னால் இருந்தது. 210-ஐ 3.45-ஆல் பெருக்கி, வீல்பேஸான 4.83-ஆல் வகுத்தால் 150 வரும். அதாவது, முன் அச்சிலிருந்து 150 கிலோ குறைந்துவிட்டது. பின் அச்சிலோ 210-க்குப் பதிலாக 360 கிலோ கூடிவிட்டது. திசை திருப்ப வேண்டிய முன் சக்கரங்கள் சாலையைப் பலவீனமாகத்தான் பிடித்திருந்தன.

ஐந்தாவது மாதத்தில், வேறு வழி தெரியாமல், பயணத்துக்கு ஏற்றிய நிலையிலேயே எடை மேடைக்குச் சென்றேன். மேடைக்காரர் மூன்று சீட்டுகளையும் என் கையில் கொடுத்துவிட்டு, "மொத்த எடை சரிதானே, எதற்குக் கவலைப்படுகிறீர்கள்?" என்று கேட்டார். மொத்தம் 6,590 கிலோ, அனுமதி 6,600. ஆனால் பின் அச்சில் 4,830 கிலோ இருந்தது; அதன் அனுமதி 4,540 மட்டுமே. முன் அச்சில் 2,270 கிலோ அனுமதி இருந்தும் 1,760 கிலோதான் இருந்தது. மொத்த எடையில் 10 கிலோ மிச்சம் காட்டிய வண்டி, பின் அச்சில் 290 கிலோ மீறியிருந்தது. அந்த மூன்று காகிதங்களையும் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து மீண்டும் மீண்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை நான் செலவழித்த பணம் எதுவும் இந்த எண்களைத் தொட்டிருக்கவில்லை.

பின்கோடிப் பெட்டியைக் காலி செய்து, அதிலிருந்தவற்றை இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் உள்ள அடிப்பெட்டிகளுக்கு மாற்றினேன். தண்ணீர்த் தொட்டி பின் அச்சுக்குப் பின்னால் இருந்ததால், தங்குமிடத்தில் நிரப்பிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து 120 லிட்டரை வெளியேற்றினேன். மறுபடி எடை போட்டபோது முன் அச்சு 2,045, பின் அச்சு 4,425. வண்டியை மேடையிலிருந்து இறக்கிச் சாலைக்கு வந்த முதல் கிலோமீட்டரிலேயே வேறுபாடு கையில் தெரிந்தது.

5. டயர்: வயதும் காற்றும்

மோட்டார்ஹோம் டயர்கள் தேய்ந்து சாவதைவிட, நின்று நின்று மூப்படைந்து சாவதே அதிகம். டயரின் வரிப்பள்ளங்கள் ஆழமாக இருக்கின்றன என்பதால் ஏமாறாதீர்கள். பக்கச் சுவரில் உற்பத்திக் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அந்த எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கக்கூடும் என்பதால் சில டயர்களுக்கு வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் தேர்ந்தவர் பரிசோதிக்க வேண்டும், பத்து ஆண்டுகளுக்கு மேல் தோற்றம் எப்படி இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது என்பது டயர் நிறுவனங்கள் பல சொல்லும் அறிவுரை. ஏழு ஆண்டைத் தாண்டிய டயர்கள் இருந்தால், முழு செட் டயரின் விலையைக் கேட்டறிந்து வண்டி விலையில் கழிக்கச் சொல்லுங்கள். வாங்கிய உடனே வரும் செலவுகளில் பெரும்பாலும் இதுவே பெரியது.

காற்றழுத்தம் குறித்து ஒரு பொதுவான பொறி உண்டு. டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் அழுத்தம், அந்த டயர் தன் உச்ச எடையைத் தாங்குவதற்கு உரியது. உங்கள் வண்டிக்கான அளவு அதுவே என்று கொள்ளக் கூடாது. எடைத் தகட்டில் உள்ள அழுத்தத்தைத் தொடக்கமாகக் கொண்டு, உங்கள் எடைச் சீட்டை டயர் நிறுவனத்தின் எடை-அழுத்த அட்டவணையுடன் ஒப்பிட்டுச் சரியான அளவைத் தீர்மானிக்க வேண்டும். ஓர் அச்சில் எந்தப் பக்கம் எடை அதிகமோ அந்தப் பக்கத்துக்கு வேண்டிய அழுத்தத்தை அந்த அச்சின் எல்லா டயர்களுக்கும் வையுங்கள். காற்று தேவைக்கு மேல் இருந்தால் டயர் நடுப்பகுதியில் மட்டும் சாலையைத் தொட்டு வண்டி அலையும். குறைந்தால் டயர் சூடேறி வெடிக்கும் அபாயம் உண்டு. சந்தேகம் வந்தால் குறைக்காமல், அட்டவணை தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். வண்டி ஓடாத நிலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும்.

பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியில் உள் டயரை அளக்காமல் விடுவது மிக எளிது. என் வண்டியில் வலப்பக்க உள் டயரில் பாதிக் காற்றுகூட இல்லை. வெளி டயர் இரண்டின் சுமையையும் சுமந்துகொண்டிருந்தது. வால்வு எட்டவில்லை என்றால் நீட்டிப்புக் குழாய் பொருத்தச் சொல்லுங்கள்.

6. ஓட்டிப் பார்க்கும்போது

கடையைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பது ஓட்டிப் பார்த்தல் ஆகாது. குறைந்தது ஒரு மணி நேரம், அதில் பாதியாவது நெடுஞ்சாலை வேகத்தில் இருக்க வேண்டும். லாரிகள் ஓடும் சாலையைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் லேசான காற்று வீசும் நாளில் செல்லுங்கள். காலியான தொட்டியைப் பாதியாவது நிரப்பச் சொல்லுங்கள். நீங்களே ஓட்ட வேண்டும். விற்பவர் ஓட்டினால் அவர் பழகிப்போன கைகளால் கோளாறை மறைத்துவிடுவார், அது வேண்டுமென்றே செய்வதாகக்கூட இருக்காது.

கவனிக்க வேண்டியவை சில உள்ளன. திருப்பத்துக்குப் பின் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்புகிறதா? நேர்ச்சாலையில் நிமிடத்துக்கு எத்தனை முறை திருத்த வேண்டியிருக்கிறது? பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா? பள்ளத்தில் ஏறி இறங்கியபின் எத்தனை முறை ஆடுகிறது? பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும்.

வண்டி நின்றபின் ஸ்டீயரிங்கின் தளர்ச்சியைச் சோதியுங்கள். எஞ்சின் ஓட வேண்டும், சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும். ஸ்டீயரிங் விளிம்பில் ஒரு துண்டு ஒட்டு நாடாவை ஒட்டி, ஒருவர் அதை மெல்ல இடமும் வலமும் அசைக்க, இன்னொருவர் பாதுகாப்பான தூரத்தில் குனிந்து முன் டயரைப் பார்க்க வேண்டும். என் வண்டியில் மெக்கானிக் இந்தச் சோதனையைச் செய்தபோது, நாடா ஆறு சென்டிமீட்டர் நகர்ந்த பிறகுதான் டயர் அசைந்தது. அந்த ஆறு சென்டிமீட்டருக்குள் வண்டி தன் விருப்பப்படி போய்க்கொண்டிருந்தது.

பின்பக்கம் நீண்ட வண்டியைத் திருப்பும்போது வால் எதிர்ப்பக்கமாக வீசும். இது கோளாறு அல்ல; ஆனால் முதல் நாளில் பக்கத்து வண்டியையோ கம்பத்தையோ இடிப்பது பெரும்பாலும் இதனால்தான். காலியான திடலில் ஒரு மணி நேரம் பழகிவிட்டுச் சாலைக்கு வாருங்கள்.

7. ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியவை

வாய்மொழியாகச் சொன்ன எதுவும் சிக்கல் வரும்போது நிற்காது. "இந்த வண்டி அனுமதிக்கப்பட்ட அச்சு எடைகளுக்குள் உள்ளது; ஸ்டீயரிங்கிலும் சஸ்பென்ஷனிலும் விற்பவர் அறிந்த கோளாறு எதுவும் இல்லை; திரும்ப அழைக்கப்பட்ட பாகங்கள் மாற்றப்பட்டுள்ளன" என்று மூன்று வாக்கியங்களை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். எடைச் சீட்டுகளின் நகலையும் இணைப்பாக வையுங்கள். தனியான ஆய்வாளரோ மெக்கானிக்கோ பார்த்த பின்பே விற்பனை முழுமையடையும் என்ற நிபந்தனையையும், அதில் பெரிய கோளாறு தெரிந்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் பெறுங்கள்.

"உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது" என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் கையெழுத்திட்டால் உங்கள் உரிமைகளில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தவராகலாம். சட்டம் இடத்துக்கு இடம் வேறு. பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வணிகரிடம் வாங்கிய பொருள் குறைபாடுடையதாக இருந்தால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அமெரிக்காவில் குறைபாடுள்ள வண்டிகளுக்கான சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்; மாநிலங்கள் பலவற்றில் அது மோட்டார்ஹோமின் சேசிஸ் பகுதியை மட்டுமே காக்கிறது, வீட்டுப் பகுதியை விட்டுவிடுகிறது. தனி மனிதரிடம் வாங்கினால் பாதுகாப்பு பொதுவாக இன்னும் குறைவு. கையெழுத்திடும் முன் உங்கள் இடத்தின் விதியையும் கால வரம்பையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

8. வாங்கிய பின் கோளாறு தெரிந்தால், எந்த வரிசையில் சரிசெய்வது

செலவு குறைந்ததில் தொடங்கி, செலவு கூடியதில் முடிக்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன். முதல் மாதமே விலை உயர்ந்த ஸ்டீயரிங் டேம்பரை வாங்கிப் பொருத்தினேன். அது அலைச்சலைச் சற்று மறைத்தது. நோய் உள்ளேயே இருந்தது.

முதலில் எடை, பொருட்களை இடம் மாற்றுதல். இதற்கு ஒரு நாள் போதும், செலவு ஏறக்குறைய இல்லை. அடுத்து டயர் அழுத்தம். ஒரு காலை வேளை. அதன்பின் தேய்மானம்: ஸ்டீயரிங்கை முன் சக்கரங்களுடன் இணைக்கும் டை ராட் முனைகள், சக்கரம் திரும்புவதற்கான மூட்டான பால் ஜாயின்ட் அல்லது கிங்பின், சக்கரத் தாங்கிகள், ஸ்டெபிலைசர் பாரின் ரப்பர் புஷ்கள், ஷாக் அப்சார்பர்கள். எடை தாங்கும் லிஃப்ட் உள்ள கனரக வாகனப் பட்டறையில்தான் இவற்றைப் பார்க்க முடியும். முன்பதிவுக்கே இரண்டு மூன்று வாரம் காத்திருக்க நேரலாம் என்பதால் முதல் நாளே பதிவு செய்துவிடுங்கள்.

ஸ்டீயரிங் பாக்ஸின் (ஸ்டீயரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்சக்கரப் பெட்டி) தளர்ச்சியை ஒரு திருகைத் திருகிக் குறைக்கலாம். இதில் கவனம் வேண்டும். அளவுக்கு மேல் இறுக்கினால் தளர்ச்சி போய்விடும். ஆனால் ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டு, திருப்பத்துக்குப் பின் நடுவுக்குத் திரும்ப மறுக்கும். அது முந்தைய நிலையைவிட ஆபத்தானது. "கொஞ்சம் டைட் பண்ணித் தருகிறேன்" என்று நின்ற இடத்திலேயே ஸ்பேனரை எடுப்பவரிடம் விடாதீர்கள். நிறுவனத்தின் கையேட்டு முறைப்படி செய்பவரிடம் கொடுங்கள்.

இவை எல்லாம் முடிந்த பின்பே வீல் அலைன்மென்ட். வண்டியை நீங்கள் பயணம் செய்யும் நிலையில், பொருட்களும் தண்ணீரும் எரிபொருளும் ஏற்றிக்கொண்டு செல்லுங்கள். காலி வண்டியில் செய்த அலைன்மென்ட், எடை ஏறி வண்டியின் உயரம் மாறியதும் பொருளற்றுப் போகிறது. புதிய வண்டிக்கும் இது பொருந்தும்: சேசிஸ் ஆலையில் வைத்த அளவு, அதன்மேல் வீடு கட்டும் முன் வைத்தது. காஸ்டர் கோணம் (பக்கத்திலிருந்து பார்க்கும்போது முன் சக்கரத்தின் திருப்ப அச்சு சாய்ந்திருக்கும் கோணம்) நிறுவனம் அனுமதிக்கும் எல்லைக்குள் உயர்ந்த பக்கம் இருக்கட்டும் என்று கேளுங்கள். ஸ்டீயரிங்கை நடுவுக்கு இழுத்து வருவது அந்தக் கோணம்தான். டோ அளவு, அதாவது மேலிருந்து பார்க்கும்போது முன் சக்கரங்களின் முன்முனைகள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, வெளிப்பக்கம் விரிந்திருந்தால் வண்டி ஓரிடத்தில் நிற்காது. செய்வதற்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகளை அச்சிட்ட தாளாக வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். அலைன்மென்ட் பெரும்பாலும் உத்தரவாதத்தில் சேராது, சேர்ந்தாலும் தொடக்கத்தில் சில மாதங்களுக்கு மட்டுமே.

அதற்கும் சரியாகாத வண்டிக்கு மட்டுமே கூடுதல் ஸ்டெபிலைசர் பார், பின் அச்சின் பக்க அசைவைத் தடுக்கும் கம்பி, ஸ்டீயரிங் டேம்பர் போன்றவை. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் பொருத்தி, அதே சாலையில் ஓட்டிப் பார்த்து, பலன் தெரிந்த பின் அடுத்ததற்குச் செல்லுங்கள். என் வண்டி 50 சதவீத வீல்பேஸ் கொண்டது என்பதால், எடையும் பாகங்களும் சரியான பின்னும் பலத்த காற்றில் அசைந்தது. பின் அச்சுக்குக் கம்பி பொருத்திய பின் அதுவும் தாங்கக்கூடிய அளவுக்கு வந்தது. பலத்த காற்று வீசும் நாளில் இன்றும் அதை எடுப்பதில்லை.

9. புகார் எழுதுவதென்றால்

கோளாறு தெரிந்த அன்றே எழுதுங்கள். தொலைபேசியில் பேசினால், பேசிய நாளையும் பேசியவர் சொன்னதையும் அன்று மாலையே மின்னஞ்சலில் அவருக்கே அனுப்பி உறுதிப்படுத்துங்கள். நான் முதல் ஆறு வாரங்கள் தொலைபேசியில் மட்டுமே பேசினேன். கடைசியில் எழுதியபோது, "இவ்வளவு நாள் ஓட்டியிருக்கிறீர்களே" என்ற ஒரே பதிலில் என் புகாரை ஒதுக்கிவிட்டார்கள்.

கடிதத்தில் "வண்டி சரியில்லை" என்று எழுதாதீர்கள். எந்த நாள், எந்த வேகம், எப்படிப்பட்ட சாலை, எந்த எடை நிலையில் வண்டி என்ன செய்தது என்று எழுதுங்கள். எடைச் சீட்டுகள், எடைத் தகட்டின் படம், டயர் எண்களின் படங்கள், அலைன்மென்ட் தாள், தனி மெக்கானிக்கின் கையெழுத்திட்ட அறிக்கை ஆகியவற்றை இணையுங்கள். சேசிஸ் நிறுவனம், வீட்டுப் பகுதியைக் கட்டிய நிறுவனம், விற்றவர் ஆகிய மூவருக்கும் ஒரே கடிதத்தை ஒரே நாளில், மற்ற இருவருக்கும் நகல் செல்வது தெரியும்படி அனுப்புங்கள். தனித்தனியாக எழுதினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டும் சுற்று மறுபடி தொடங்கும். பதிலுக்கு 14 நாட்கள் போன்ற தெளிவான நாளைக் குறிப்பிடுங்கள். பழுதுபார்க்க வண்டியை ஒப்படைக்கும் ஒவ்வொரு முறையும், உள்ளே சென்ற நாளும் வெளியே வந்த நாளும் உள்ள பணிச்சீட்டை வாங்குங்கள். எத்தனை முறை முயன்றார்கள், வண்டி எத்தனை நாட்கள் பட்டறையில் கிடந்தது என்பதை வைத்தே பல சட்டங்கள் வாங்கியவரின் உரிமையைத் தீர்மானிக்கின்றன.

எடை மீறியது தெரிந்த பிறகு, அதைக் குறைக்கும்வரை வண்டியைச் சாலையில் எடுக்காதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் அந்தச் சீட்டைக் கேட்கலாம், உங்கள் கையில் அது இருக்கும். மிதிவண்டித் தாங்கியோ, கூடுதல் மின்கலமோ, கூரைமேல் எதுவுமோ புதிதாகப் பொருத்தினால் அடுத்த பயணத்துக்கு முன் மறுபடி எடை மேடைக்குச் சென்று, புதிய சீட்டைப் பழையதன்மேல் பின்செய்து வையுங்கள்.